இருட்டில் தெரியாத கண்ணுக்கு ஒரு துண்டு

கண் கிளினிக்கில வேலை எண்டால் கண்ணைப் பார்க்கிற வேலை எண்டுதான் சனம் நினைக்கும். சண்டைக் காலத்துத் திருகோணமலையில நாங்கள் கூடப் பார்த்தது மணிக்கூட்டை. பஸ் ஓடுமோ, றோட்டைப் பூட்டுவாங்களோ? வரிசையில நிண்டு கால் கடுத்தவர்களே, உள்ளே நேர்சா இருந்த எனக்கும் அதே அந்தரம்தான்.

கடைசி வரி

ஒருநாள் கண் காட்ட வந்த யோகராசாவுக்குத் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒண்டில பின்னேர வேலை. முடிஞ்சு இருட்டில ஆமியின்ர காவல் சென்றியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேணும். முந்தினநாள் ஆமிக்காரன் கைகாட்டி மறிச்சது தெரியாமல் முள்ளுக்கம்பிக்குள்ள போய் விழுந்திட்டார். அவன் சுடாமல் விட்டது கடவுள் புண்ணியம். பகல் வேலை கேட்டால், "நடிக்காதை, டொக்டர் எழுதின துண்டு கொண்டுவா" எண்டாராம் சூப்பவைசர்.

நான் எழுத்து அட்டையைக் காட்டினன். மனுசன் கடைசி வரி வரைக்கும் கடகடவெண்டு வாசிச்சுப்போட்டார்! எனக்கு வந்ததே கோபம். நல்ல கண்ணோட வந்து ஏன் எங்களை மினக்கெடுத்துறியள் எண்டு பாய்ஞ்சன்.

"மிஸ், எனக்குப் பகலில ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள்தானே பகலில மட்டும் திறக்கிறியள்."

லைற்றை நூத்தது

டொக்டருக்கு விளங்கிட்டுது. அறையை இருட்டாக்கச் சொன்னார். நான் படபடவெண்டு சன்னல்களைச் சாத்தி, கறுப்புச் சீலையைத் தொங்கவிட்டு, லைற்றை நூத்தன். வாங்குப் பலகையில இருந்த சனம் முழுக்க வாங்குக்குக் கீழே! அந்த நாளையில சன்னலை அவசரமாச் சாத்தினால் வேற என்னத்தை நினைக்கிறது?

இருட்டுக்குக் கண் பழக எங்களுக்குக் கதிரை தெரிஞ்சுது. யோகராசா அதிலயே இடறி விழப்பார்த்தார். கையைப் பிடிச்சு இருத்தினன். இந்த மனுசன் ஒவ்வொரு நாளும் இப்பிடியே ஆமியின்ர துவக்குக்கு முன்னால நடந்து போயிருக்கிறார்!

கீழே இருந்து கிண்ணியா உம்மா ஒருத்தர் குரல் குடுத்தா: "புள்ள, செல் குண்டு அடிச்சு முடிஞ்சா, இன்னும் இருக்கா?"

ஆரின்ர பக்கம்?

இது பிறவி மாலைக்கண் எண்டார் டொக்டர். உடம்பில ஒரு மரபணு இருக்காம். மங்கல் வெளிச்சம் கண்ணில பட்டால் அந்தச் சேதியைக் கடத்திவிடுற புரதத்தைச் செய்யிறது அதுதானாம். அது பிழைச்சால் புரதம் சும்மாவே கத்திக்கொண்டு நிக்குமாம், உண்மையான சேதி அந்தச் சத்தத்தில கேளாதாம். மருந்தில்லை. தகப்பனுக்கும் அப்பப்பாவுக்கும் இருந்தது எண்டு யோகராசாவே சொன்னார். டொக்டர் துண்டு எழுதினார். பக்கத்தில நிண்ட யோகராசாவின்ர மனுசி விடயில்லை:

"டொக்டர், எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை எண்டு அதையும் எழுதிவிடுங்கோ."

சுற்றிவளைப்பு

பகல் வேலை கிடைச்சுது. அப்பாடா எண்டிருந்தம். அடுத்த கிழமையே ஆமிக்காரங்கள் அவற்ற வீட்டு ஒழுங்கையைச் சுத்தி வளைச்சு ஆம்பிளையள் எல்லாரையும் இருத்திவைச்சாங்களாம். "நேற்றிரவு இதால ஆர் போனது?" எண்டு கேட்டாங்களாம். "நான் காணயில்லை", "நான் காணயில்லை" எண்டு வரிசையாச் சொல்லியிருக்கினம். யோகராசாவும் காணயில்லை எண்டு சொல்லித் துண்டை நீட்டியிருக்கிறார். ஆமிப் பெரியவன் வாசிச்சுப்போட்டு, "நீ போ" எண்டானாம்.

மற்றவங்களை மத்தியானம் வரைக்கும் வெயிலில வைச்சிருந்தவங்கள். அந்தக் கவலையோடதான் யோகராசா கிளினிக்குக்கு வந்தவர். கதிரையில இருக்கவும் இல்லை.

"மிஸ், எங்கட ஒழுங்கை ஆக்கள் எல்லாருக்கும் இதுமாதிரி ஒரு துண்டு எழுதேலாதோ?"

இருட்டில கண் தெரியாத ஒருத்தருக்குத் துண்டு குடுத்தம், கண்டும் காணாமல் இருந்தே உயிரைப் பிடிச்ச ஒரு ஊருக்கு எந்த டொக்டரும் துண்டு எழுதயில்லை.