இரண்டு பேர் பெருக்கிய முகவரி

இராஜபாளையத்தில் நேசையனின் மருத்துவத் துணிக் கம்பெனியில், கட்டுத்துணியை நீராவியில் அவித்துக் கிருமி நீக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் சூட்டை மெமரி கார்டில் பதியும் கருவிக்கு நிரல் எழுதுபவர்கள் பிளஸ்ஸியும் அவள் கணவன் பெனினும். ஒரே அறை, எதிரெதிர் மேசை.

கார்டுக்குள் தெருக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தெருவுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. பழைய நிரலுக்குத் தெரு எண் மட்டுமே தெரியும். துளிக் குறிப்பு வந்தாலும் முழுத் தெருவையும் அதற்கே கொடுத்துவிடும். அதனால் கார்டு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. இனி வீட்டு எண்ணாலேயே முகவரி சொல்ல வேண்டும் என்று பிளஸ்ஸி நிரலை மாற்றினாள். தெரு எண்ணை வீட்டு எண்ணாக்க, அது வந்த இடமெல்லாம் ஐந்நூற்றுப் பன்னிரண்டால் பெருக்கினாள்.

அந்த வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை. அவளைப் பிளவக்கல் அணைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன பெனின், நண்பர்களோடு போய்விட்டு வந்திருந்தான். பிளஸ்ஸி சோற்றை மேசையில் மூடி வைப்பாள். அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். அவ்வளவுதான்.

புது நிரல் ஓடிய முதல் நாளே நேசையன் பதறிக்கொண்டு போன் செய்தார். லாரி நிற்கிறது, சூட்டுக் கணக்கு வெறுமையாக இருக்கிறது, அது இல்லாமல் ஆஸ்பத்திரி சரக்கை வாங்காது, மறுபடி அவித்தால் துணி நைந்துபோகும் என்றார். கார்டையும் கொடுத்தனுப்பினார்.

பிளஸ்ஸி தன் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரி. எழுதும் நிரல், எழுதிவிட்டேன் என்றது. வாசிக்கும் நிரல், எதுவுமே இல்லை என்றது. இரண்டில் எது பொய்? கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வீம்பை விட்டாள்.

"ஏங்க, எழுதிட்டேங்குது, வாசிச்சா ஒண்ணுமில்ல. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சா?"

பெனின் முகம் வெளுத்தது.

"எழுதுற இடத்துல நானும் பெருக்கிட்டேன் பிளஸ்ஸி. கார்டுல எழுதுற கடைசி வரியில பெருக்க நீ மறந்துட்டன்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நான் மொதல்ல பேசுன மாதிரி ஆயிரும்லா."

இரண்டு முறை பெருக்கியதில் குறிப்புகள் எங்கோ தொலைதூரத் தெருக்களில் போய் உட்கார்ந்திருந்தன. அந்தக் கார்டுக்கு மட்டும், வாசிக்கும்போதும் அதேபோல் இரண்டு முறை பெருக்கினாள் பிளஸ்ஸி. சூடு வரிசை வரிசையாகத் திரையில் ஏறியது. அதை அச்செடுத்து அனுப்பினார்கள். லாரி புறப்பட்டது.

உதவ வந்தவனிடம் கோபப்படுவதா, சொல்லாமல் கை வைத்தவனைக் கொஞ்சுவதா? அவளுக்கு விளங்கவில்லை. அவனுடைய வரியை அழித்தாள்.

"இனிமே சண்டைன்னாலும் நிரலப் பத்தி மட்டும் பேசிக்கிடணும், என்ன?"

அவன் தலையாட்டினான். பிளவக்கலைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.