அருளப்பனும் கிட்டார் செட்டும்

கொடைக்கானல் மிஷன் பள்ளிக்கூடத்து எலக்ட்ரீஷியன் அருளப்பனை யாரும் கட்டிப்போடவில்லை. தன்னைத்தானே கட்டிக்கொண்டு, அவிழ்க்கத் தெரியாமல் நின்ற ஆள் அவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலில் தன் நாட்டுக்கே திரும்பிய அமெரிக்க வாத்தியார் ஒருவர், தன் பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரை மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய ரேடியோ மாதிரி உள்ளே கண்ணாடி வால்வு எரிகிற செட்டு. மலைமேல் கரண்டு வருகிற லட்சணத்துக்கு அது ஒத்துவரவில்லை. ஊரெல்லாம் ஹீட்டர் போட்டதும் வால்வு மங்கும், சத்தம் செத்துப்போகும்.

அருளப்பன் செட்டுக்குள் இருந்த ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து வேறு மாதிரி சுற்றி, பின்னால் ஒரு குமிழ் வைத்தார். கரண்டு இறங்கினால் குமிழை ஏற்ற வேண்டும். ஏறினால் உடனே இறக்க வேண்டும், தவறினால் வால்வு போய்விடும். அதோடு விட்டாரா? வால்வைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கினால் கிட்டார் சத்தம் பாகு மாதிரி கெட்டிப்படுவதையும் கண்டுபிடித்துத் தொலைத்தார். கோயிலே சொக்கிப்போனது.

அன்று பிடித்தது சனி. பூசையோ கல்யாணமோ, செட்டுக்குப் பின்னால் முக்காலி போட்டு, வால்வின் சிவப்பைப் பார்த்தபடி குமிழில் கைவைத்து அவர் உட்கார வேண்டும். ஒருமுறை வேறொருவரை உட்காரவைத்தார். அந்த ஆள் பாட்டுக் கேட்டு மயங்கி வால்வை எரித்துவிட்டார்.

இதற்கிடையில் அவர் மனைவி கித்தேரியம்மாளுக்கு இளைப்பு வந்தது. கீழே இறங்கினால்தான் மூச்சு சீராகும் என்று டாக்டர் கறாராகச் சொன்னார். திண்டுக்கல்லில் ரேடியோ கடை வைத்திருந்த சுவாமிநாதன் வேலையும் தங்க இடமும் தரக் காத்திருந்தார்.

"நீங்க போயிட்டா செட்டை யாரு பாக்குறது? கிறிஸ்மஸ் கழியட்டும்ங்க" என்றார் கோயில் பங்குச்சாமி. பிறகு ஈஸ்டர் கழியட்டும் என்றார். பிறகு திருவிழா. அருளப்பனுக்கு எரிச்சலாகவும் இருந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் பொல்லாதது.

மார்கழிப் பனியில் ஒரு விடியலில் கித்தேரியம்மாள் கிணற்றடியில் மூச்சுமுட்டி விழுந்தாள். அருளப்பன் ஆடிப்போனார். அன்றே குமிழைக் கழற்றினார். சுற்றுகளைப் பழையபடி மாற்றி, தானாகவே கரண்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றை மாட்டினார். இனி யாரும் காவலிருக்க வேண்டாம். திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் பெட்டி கட்டியாயிற்று.

ஞாயிறு பூசையில் வெகுகாலத்துக்குப் பிறகு ஆண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து கித்தேரியம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். கிட்டார் ஒலித்தது. குறை ஒன்றுமில்லை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அருளப்பன் காதுக்கு அது வெறும் தகரச் சத்தம். பூசை முழுக்க அவர் ஜெபமே சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் நேரே செட்டிடம் போனார்.

"அண்ணே, நல்லாத்தானே இருக்கு. வெரசாக் கெளம்புங்க" என்றான் கிட்டார் வாசிக்கும் மரியசெல்வம்.

"என்னத்த நல்லாருக்கு? ஒனக்குக் காது செத்துப்போச்சா?"

பின்பலகையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது கித்தேரியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வாரம் கித்தேரி. இதப் பழையபடி ஆக்கிட்டுப் போயிருவோம். சுவாமிநாதன் பொறுத்துக்கிருவாரு."

அவள் கோபப்படவில்லை. மூச்சு வாங்கி முடிக்கும்வரை நின்றாள்.

"எனக்கு மட்டும் டிக்கெட்டு எடுங்க" என்றாள்.