பட்டைத் தண்ணீரில் குளித்த பெண்கள்

நேற்றுக் காலையில் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: இலவங்கப்பட்டையின் பத்து நன்மைகள். மேலே காலை வணக்கம், கீழே ஒரு ரோஜாப்பூ. சர்க்கரை இறங்குமாம், கொழுப்பு கரையுமாம், வாய் நாற்றம் போகுமாம், பல்வலி பறந்துவிடுமாம். அனுப்பியவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் பட்டைத் தண்ணீர்தான் குடிக்கிறார். சர்க்கரை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. டாக்டரைப் பாருங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பட்டையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதோடு நிறையக் குப்பை கொட்டியவன் நான்.

பள்ளிக்கூடம் முடித்துச் சில வருஷம் சும்மா சுற்றிவிட்டு விருதுநகரில் ஒரு மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வற்றல், மல்லி, உளுந்து மூட்டைகளுக்கு நடுவே மசாலாச் சாமான்களுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. வற்றல் மூட்டைப் பக்கம் போனால் நான் தும்மித் தும்மியே தெருவைக் கூட்டிவிடுவேன் என்பதால் முதலாளி என்னைப் பட்டை, கிராம்பு அறையில் தள்ளிவிட்டார். என் வீரம் அவ்வளவுதான். பட்டையில் மெலிசாகச் சுருண்டிருப்பது ஒரு ரகம். மரத்தோல் போலத் தடிப்பாக இருப்பது இன்னொரு ரகம். பிரியாணிக் கடைக்காரர்கள் தடிப்பானதைத்தான் கேட்பார்கள். சாக்கை உதறும்போது விழும் உடைசலை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அம்மா அதைத் தேநீரில் தட்டிப் போடுவாள், வயிறு பொருமினால் கசாயம் வைப்பாள். சட்டையை எத்தனை தரம் துவைத்தாலும் அந்த மணம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பசி வந்ததுபோல என்னைப் பார்ப்பார்கள்.

அக்காவின் மணம் வேறு. அப்பா போன பிறகு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற வேலை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடியில் போடும் பொடி. கந்தகமும் அலுமினியமும் நகக்கண்ணில், காது மடலில், தலையணையில் எல்லாம் இருக்கும். ஒருமுறை பக்கத்து ஷெட்டில் தீப்பிடித்து, கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி வெளியே வரவே இல்லை. அதிலிருந்து அக்கா எங்கே உட்கார்ந்தாலும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். வீட்டில் சோறு சாப்பிடும்போதும் அப்படித்தான்.

அக்கா மாதிரிப் பெண்களுக்குப் பட்டை வேறொரு காரியத்துக்கு வேண்டியிருந்தது. பட்டாசு வேலைக்குப் போகிற பெண் என்றால் டவுன் மாப்பிள்ளை அமையாது. அதனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முந்தின நாளே அடுப்பில் அண்டா ஏறிவிடும். முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து நகத்தில் வெள்ளியாக மின்னும் அலுமினியப் பொடியைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு பட்டையும் சீயக்காயும் போட்டுக் கொதித்த தண்ணீரில் தலையோடு குளிப்பார்கள். தரகரிடம் "வீட்டோட இருக்கா, தையல் படிக்கா" என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் தெருவில் அத்தனை தையல்காரிகள். ஒரு வீட்டிலும் மெஷின் கிடையாது. உடைசல் பட்டை கேட்டுப் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். வந்த மரியாதை எனக்கு என்று நினைத்துக்கொண்டு நான் தலை சீவித் திரிந்தேன்.

அக்காவுக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை வீடு அச்சங்குளம். பையன் சாத்தூரில் ஒரு சேவு கடையில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு சாத்தூரிலேயே வீடு பார்ப்பார் என்று தரகர் சொன்னார். அக்கா அதைக் கேட்டுச் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"சேவு கடைன்னா எண்ணெய் வாசம்தானலே வரும்? எம்புட்டு நல்லாருக்கும்!"

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் நல்ல தடிப்புப் பட்டையாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். அக்கா தோல் சிவக்கச் சிவக்கக் குளித்தாள். மறுநாள் வந்தவர்களுக்குக் காபி கொண்டுபோனாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து மூக்குப் பக்கம் கொண்டுபோனார்.

"பட்டைத் தண்ணியா தாயி?"

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "மேலுக்கு நல்லதுன்னு சொல்லுவாகல்ல, அதான்..."

"மதினி, நானும் பட்டைத் தண்ணில குளிச்சுட்டு வந்து நின்னவதான். எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க."

சம்பந்தம் முறிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் சிரித்தார்.

"எதுக்கு மறைக்கீக? வேல தெரிஞ்ச புள்ளையத்தான் நானே தேடிக்கிட்டிருந்தேன். கம்பெனி வேன் எங்க வீட்டு வாசல்லயே நிக்கும். நானும் போறேன்ல. சீசனுக்கு ஆள் பத்தாம ஃபோர்மேன் கெடந்து அலையுதாரு. என்கூடவே வரட்டும்."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா அடுப்படிக்கு வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"ஏலே, வேண்டாம்னு சொல்லிருலே."

அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஓரமாக இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தாள். "பொய் சொன்னது தெரிஞ்சும் பொண்ணு கேக்காக. நகை நட்டுன்னு வாயத் தெறக்கல. இத விட்டா எவன்லே வருவான்?" அதற்குள் வெளியே அக்கா தலையில் பூ வைத்தாகிவிட்டது.

சாத்தூரில் வீடு பார்க்கவே இல்லை. அக்கா மாமியாரோடு அச்சங்குளம் வேனில் ஏறினாள். அத்தான் தங்கமான மனுஷன். அவரை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாள் செத்துப்போன பிறகும் எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. தெரியாமல் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். அந்த வேலையை விட்டு ஓடிவிட நினைத்து, அதே போலக் குளித்து, அதே போலக் காபி கொண்டுவந்து நின்றவர் அவர். எல்லாம் தெரிந்தேதான் செய்தார். பத்து நன்மை எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

போன மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளும் அக்காவோடு அதே வேனில்தான் போகிறாள். தாய்மாமன் என்று நானும் போயிருந்தேன். மருமகள் வேனை விட்டு இறங்கி, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு சேலை மாற்றினாள். நகத்தில் வெள்ளி அப்படியே இருந்தது. வந்தவர்கள் உட்கார்ந்ததும் எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். அக்கா கம்பெனி பெயரைச் சொன்னாள். அவர்கள் வீட்டிலும் இரண்டு பேர் கம்பெனிக்குப் போகிறவர்கள். இந்த வருஷம் ஆர்டர் எப்படி என்று பேச்சு வளர்ந்தது. பட்டை கொதிக்க வைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் எப்போதோ நின்றுவிட்டது. இந்தக் காலத்துப் பெண்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

வெட்கம் போனது நல்லதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் போன பிறகு அக்காவிடம், "அன்னைக்கு நீ எம்புட்டு நேரம் குளிச்ச!" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"நான் இந்த வேலைய விட்டு அங்கிட்டுப் போயிருவேன்னு நெனச்சேன்லே, அதான் குளிச்சேன். இவ எங்க போகப் போறா?"