பைலகுப்பேயில் சொன்ன ஆமென்

மைசூரிலிருந்து பைலகுப்பே எண்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே திபெத்தியர்களின் பெரிய புத்த மடம் இருக்கிறது. இத்தனை வருடம் மைசூரில் இருந்தும் நான் எட்டிப் பார்த்ததில்லை. எங்கள் தமிழ்ச் சபையில் யார் ஜெபித்து முடித்தாலும் முதல் ஆமென் என்னுடையது. அப்படிப்பட்டவனுக்கு அங்கே என்ன வேலை என்றிருந்தேன். சென்ற ஜனவரியில் தங்கை ஸ்டெல்லாவுக்காகப் போக வேண்டியதாயிற்று.

அவள் கணவர் அருள் நவம்பர் கடைசியில் மாரடைப்பில் இறந்தார். அவருடைய தையல் கடை வாசலில் குளிர்காலந்தோறும் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர் டென்சின்; கோயம்புத்தூர் நடைபாதையில் விற்றுத் தமிழ் கற்றவர். இறந்தவருக்காக அவர்கள் நாற்பத்தொன்பது நாள் ஓதுவார்களாம்; அருளுக்காக மடத்தில் கடைசி நாள் பிரார்த்தனை, வாருங்கள் என்று ஸ்டெல்லாவை அழைத்திருந்தார். இறந்தவருக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. வேண்டாம் என்றேன்.

"அடக்கத்தோட நம்ம சர்ச்சுல அவரு பேர விட்டுட்டாங்கண்ணா. அங்க இன்னும் சொல்றாங்க. நீ வரலைன்னா நான் தனியா போறேன்" என்றாள்.

அவளுக்குக் காவலாகப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை ஆறரைக்கு மடிக்கேரி பஸ். கர்நாடகப் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம் என்பதால் ஆதார் காட்டிய அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு நூற்று முப்பது ரூபாய். இரண்டேகால் மணி நேரப் பயணம். பைலகுப்பே சாலையில் இறங்கி ஆட்டோவில் மடத்துக்குப் போனோம். வாசலில் டென்சின் காத்திருந்தார்.

"அருள் இயேசுவை நம்பினவர். எங்களுக்கு மறுபிறப்பெல்லாம் இல்லை, தெரியுமா?" என்றேன். கொஞ்சம் கறாராகத்தான் கேட்டேன்.

"தெரியும் சார். என் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தப்ப அருளண்ணன் வந்து அவ தலைல கைய வெச்சு ஜெபம் பண்ணாரு. நான் வேணாம்னு சொல்லல. செத்தவங்க வழி தெரியாம பயப்படக் கூடாதுன்னு நாங்க ஓதுவோம். எங்கிட்ட இருக்கறது இதான்."

நான் செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே பொன்னிறத்தில் மூன்று பிரம்மாண்டச் சிலைகள். நான் கும்பிடவில்லை, பின்சுவரோரம் உட்கார்ந்து மனதுக்குள் பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். துறவிகள் அடித்தொண்டையில் ஓதினார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. திடீரென நடுவில் 'அருள்' என்று கேட்டது. ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் பேரைச் சபையில் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஓதுதல் நின்றது. மணி ஒலித்து ஓய்ந்தது. அந்த நிசப்தத்தில், உரக்க, "ஆமென்" என்றது என் வாய்தான்.

முன்வரிசைத் துறவிகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டென்சின் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்டெல்லா அழுகைக்கு நடுவே சிரித்தாள், அருள் போனபிறகு முதல் முறையாக.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே போங்கள், மதியம் சுற்றுலாக் கூட்டம் அதிகம். ஓதும்போது போனை அணைத்து வையுங்கள். எதிரே திபெத்தியக் கடையில் நூடுல்ஸ் சூப் நன்றாக இருக்கும். கிறிஸ்தவர்கள் போகலாமா என்று கேட்டால், மறுபிறப்பு இல்லை என்பதில் நான் மாறவில்லை. ஆனால் செத்துப்போன சிநேகிதன் பயப்படக் கூடாதே என்று கவலைப்படும் மனசு என் ஆண்டவருக்கு அந்நியமானதாக எனக்குத் தெரியவில்லை.

விஷயம் சபைக்கு எட்டி, போதகர் கூப்பிட்டு விசாரித்தார். பழக்கதோஷத்தில் வாய்தவறி வந்துவிட்டது என்றேன். அப்படியானால் அந்த ஆமெனைத் திரும்பப் பெறுகிறீர்களா என்றார்.

இல்லை என்றேன்.