ஊறுகாய்ப் பாட்டிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி

என் கணவர் பெரிய வீரர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார், அவ்வளவுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு விறகுக் குவியலிலிருந்து கையகலத்துக்கு ஒரு கருந்தேள் வந்தது. நட்டுவாக்காலி என்போம். அவர் செருப்பைத் தேடவில்லை. கர்ப்பிணியின் புருஷன் எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாதா கோயிலுக்குப் போகும் எங்களுக்கும் அதில் விலக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி மட்டும் இந்தக் கணக்கில் வராது, அந்தப் பாவம் கறிக்கடைக்காரருக்கு.

ஆகவே வீரர் அடுப்படி இடுக்கியால் அதைப் பிடித்துக் காலி ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டார். காலையில் எங்காவது கல்லுக்கடியில் விட்டுவிடுவதாக ஏற்பாடு. காலையில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், "இந்தா, இதுவும் மாசமாத்தான் இருக்கு போல" என்றார். விலாப் பக்கம் நன்றாக உப்பியிருந்தது. அதற்குப் பிறகு எங்கே விடுவது? அவருக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் தேளின் உறவுமுறை ஓதப்பட்டது. தேள் பூச்சியே இல்லையாம். பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு. சிலந்தி இதற்குப் பங்காளி, மாட்டுக் காதில் தொங்கும் உண்ணி ஒன்றுவிட்ட தம்பி. இந்த வம்சத்தில் ஒருவருக்கும் இறக்கை கிடையாது. சுவரில் ஒட்டிக் கிடந்த பெரிய சிலந்தியைக் காட்டி, வயிற்றுக்கடியில் அது வெள்ளை வட்டாகச் சுமந்து திரிவது முட்டைப் பை என்றார். தேள் முட்டை வைக்காது, குட்டிதான் போடும் என்றார். இவையெல்லாம் எப்படிச் சாப்பிடுகின்றன என்பதை மட்டும் சாப்பாட்டு நேரத்துக்கென்று வைத்திருந்தார்.

"மென்னு திங்கத் தெரியாது. எரையைக் கிழிச்சு, மேல சாறு விட்டுக் கரைச்சு, அப்பிடியே உறிஞ்சிக்கிரும்" என்று ரசஞ்சோறு பிசைந்தபடி சொல்வார். நான் தட்டை ஒதுக்குவேன். அவர் இன்னும் ஒரு கரண்டி ரசம் கேட்பார். தேளுக்குக் கரப்பான் பூச்சியை உயிரோடு பிடித்துப் போடுவதும் அவர்தான். கொல்வது தேள் என்பதால் வழக்கம் கெடவில்லை.

இப்படிக் கேலி பேசினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு உதறல். நான் பிறந்த அன்றே என் அம்மா இறந்துவிட்டார். வடமதுரையில் அப்பாவின் அக்காதான் என்னை வளர்த்தார். குட்டிகள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும், தாய்த்தேள் செத்துப்போகும் என்று அந்தப் பக்கம் எல்லாரும் நம்பினார்கள். அத்தை என்னைத் திட்டும்போதும் 'தாயைத் தின்ன தேள்குஞ்சு' என்பார், தலைவாரிக் கொஞ்சும்போதும் அதையேதான் சொல்வார். எது எதுவென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா என்னைப் பெற்ற அதே அறையில், அதே மருத்துவச்சி கையால் என் பிரசவமும் நடக்க வேண்டும் என்று அத்தை முடிவு செய்திருந்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தேள் பிழைத்தால் நானும் பிழைப்பேன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். படித்த பெண்தான் நான், என்ன செய்வது.

"செத்துருமாங்க?" என்று தினமும் கேட்டேன்.

"சாகாதுன்னு புத்தகத்துல போட்ருக்கு."

"நீங்க பாத்துருக்கீங்களா?"

அவர் பார்த்ததில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் எழுப்பினார். பாட்டிலுக்குள் அரிசி அரிசியாக வெள்ளைக் குட்டிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வந்தவை தாயின் காலைப் பிடித்து முதுகில் ஏறிக்கொண்டன. வயிறு கிழியவில்லை. தாய் உயிரோடு இருந்தது. முதல் தோலை உரிக்கும் வரை குட்டிகள் அங்கிருந்து இறங்காது என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். நான் அழுதுகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

அந்த வாரமே என்னைக் கூட்டிப்போக அத்தை பஸ் ஏறி வந்தார். பாட்டிலைப் பார்த்ததும் அவர் விளக்குமாற்றைத் தேட, என் கணவர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"மாப்ள, அதைக் கீழ வைங்க. தாயி செத்திருச்சா?"

"நீங்களே பாருங்க. நல்லா இருக்கு."

அத்தை கண்ணாடிக்கு அருகே குனிந்தார். ஒரு குட்டி சறுக்கி விழுந்தது. தாய் அசையாமல் நின்றது, குட்டி காலைப் பற்றி மறுபடி மேலே ஏறியது. அத்தை குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் உண்ணியின் உறவுமுறையை ஆரம்பித்தார், நல்லவேளை அத்தை காதில் அது விழவில்லை.

மாலையில் நான் ஊருக்குப் போகத் துணிமணி எடுத்து வைத்தபோது அத்தை வந்து பெட்டியை மூடினார்.

"வேணாந்தா. இங்கயே ஆசுபத்திரியில பெத்துக்க. நான் கூட இருக்கேன்."

"ஏன் அத்தை?"

"நீ பொறந்தப்ப உங்காத்தாளுக்கு ரத்தம் நிக்கல. திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்னு உங்கப்பன் வண்டியப் பூட்டிட்டான். நாந்தான் வீட்டுலயே பாத்துக்கிருவோம்னு மாட்டை அவுக்கச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக எந்தப் பழியை யார் தலையில் வைத்திருந்தார் என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதார். நான் தேற்றவில்லை. வேண்டிய மட்டும் அழட்டும் என்று நின்றேன். பிறகு போய், அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.