டைம்கீப்பர் அக்கா போட்ட நாலு வருஷ அட்டவணை

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் டைம்கீப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநர் எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்கலாம், எல்லாம் அவர் கைப்பட எழுதுகிற அட்டவணைப்படிதான். விசில் ஊதி வண்டியை அனுப்புவதும் அவரே. அறுபத்திரண்டு வண்டிகளை மேய்க்கிறவருக்கு ஒரே ஒரு பெண்ணை மேய்ப்பது என்ன பெரிய வித்தை என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. நினைத்ததுதான் தப்பு.

அந்த ஒரே பெண்ணுக்கு வீட்டில் பெயர் வாயாடி. ஒன்றரை வயதில் பேச ஆரம்பித்தவள், அதன்பிறகு தூங்கும்போது மட்டும்தான் இடைவேளை விட்டாள். அப்பாவுக்குப் பல் செட் செய்கிற பட்டறையில் வேலை. நாள் முழுக்க ஊரார் வாயோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறக்காத மனிதர்.

வாயாடி ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்கும் பள்ளி ஆலோசகர் மேடையேறினார். பெரிய கல்லூரிகளில் நூறு பேர் மனுப் போட்டால் ஏழு பேருக்குத்தான் இடம். மதிப்பெண் மட்டும் போதாது. கடினமான பாடங்களை எடுத்துப் படித்திருக்க வேண்டும், வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்றும் கேட்பார்கள், இப்போதே யோசிக்கத் தொடங்குங்கள் என்றார். "ஆனா பிள்ளைங்களைப் போட்டு ரொம்ப நெருக்காதீங்க" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தின்போது அக்கா குனிந்து கைப்பையில் பேனா தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாயாடி எழுந்து வந்தபோது, சமையலறைச் சுவரில் பிரிட்ஜ் தொடங்கி ஜன்னல் வரைக்கும் கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

"உன்னோட நாலு வருஷம்."

வாயாடி பல் துலக்கிக்கொண்டே படித்தாள். "திங்கள் நாலு பத்து, நீச்சல். நாலு அம்பத்தஞ்சு, கிளம்பல். அஞ்சு அஞ்சு, வயலின்… அம்மா, எனக்கு வயலின் வாசிக்கத் தெரியாதே."

"பதினொண்ணாம் வகுப்பு மார்ச்ல தெரியும். பச்சைக் கலர்ல போட்டிருக்கேன் பாரு."

"சாப்பாடு எங்க?"

"கார்ல."

"பாத்ரூம்?"

"மூணு நிமிஷம் விட்டிருக்கேன். அம்புக்குறி இருக்குல்ல?"

அப்பா தன் பங்குக்குத் தாளின் ஓரத்தில் இருந்த ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினார். "இது யாரு?"

"நீங்கதான். மாற்று ஓட்டுநர்."

அவர் தலையாட்டிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதிர்த்துப் பேசிப் பயனில்லை என்பது பதினாறு வருடக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம்.

அட்டவணை ஓட ஆரம்பித்தது. உயர்நிலைக் கணக்கு, வேதியியல், இயற்பியல் மூன்றையும் ஒரே வருடத்தில் ஏற்றியாயிற்று. அதற்கு மேல் நீச்சல், வயலின், பேச்சுப் போட்டி, ரோபோ வகுப்பு, மரம் நடுதல், முதியோர் இல்லத்தில் புத்தகம் படித்துக் காட்டுதல். வயலின் தொடங்கிய இரண்டாம் வாரம் மேல்மாடிக்காரர் கதவைத் தட்டி, கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் தன்னிடம் இருப்பதாகவும் வேண்டுமானால் தருவதாகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். இயற்பியல் பரீட்சைக்கு முந்தின நாள், முதியோர் இல்லத்தில் வாயாடி இயற்பியல் பாடத்தையே சத்தம் போட்டுப் படித்தாள். யாரும் தூங்கவில்லை. மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்ட பந்து என்ன வேகத்தில் போகும் என்ற கணக்கோடு நிறுத்தியபோது, மூன்றாம் கட்டில் பெரியவர் பதறிப்போனார். "அப்புறம் அந்தப் பந்து என்ன ஆச்சும்மா? யார் மேலயாவது விழுந்துச்சா?"

இப்படியே தள்ளாடிக்கொண்டு போன வண்டி, பேச்சுப் போட்டியன்று குடைசாய்ந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. நீச்சல் நாலு ஐம்பத்தைந்துக்கு முடியும். ஐந்து இருபதுக்கு நகர மண்டபத்தில் பள்ளிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டி. அப்பா காரோடு குளத்து வாசலில் நிற்க வேண்டும், பின் சீட்டில் சீருடைப் பை இருக்க வேண்டும், மண்டபத்தின் பின்னறையில் உடை மாற்ற நாலு நிமிடம். அக்கா விரலை மடக்கி மடக்கிச் சொல்லியிருந்தார்.

எல்லாம் நிமிடம் பிசகாமல் நடந்தது. வாயாடி ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்து காரில் விழுந்தாள். மண்டபம் வந்தது. பின்னறைக்குள் ஓடிப்போய்ப் பையைத் திறந்தாள். உள்ளே நாற்பது பல் செட்டுகள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

"அப்பா!"

அப்பா எட்டிப் பார்த்தார். சீருடைப் பையும் பட்டறைப் பையும் ஒரே மாதிரிக் கறுப்பு. வரும் வழியில் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தது எது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் போனும் அடித்தது. மறுமுனையில் டாக்டர். "ஒரு பாவாடையும் சட்டையும் அனுப்பியிருக்கீங்க. இதை எந்தப் பேஷண்டுக்கு மாட்டணும்?"

மேடையில் வாயாடியின் பள்ளியைக் கூப்பிட்டார்கள். யோசிக்க நேரமில்லை. அப்பா தன் வெள்ளைப் பட்டறைக் கோட்டைக் கழற்றி மகளுக்கு மாட்டிவிட்டார். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நீச்சல் தொப்பி தலையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நீச்சல் கண்ணாடி அழுத்திய வளையம் இரண்டு கண்ணைச் சுற்றியும் ஆந்தை மாதிரி பதிந்திருந்தது. அந்தக் கோலத்தில், ரப்பர் செருப்பு சளப் சளப்பென்று அடிக்க, அவள் மேடையேறினாள்.

இரண்டாம் வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். யார் பெற்ற பிள்ளையோ பாவம் என்று முதலில் நினைத்தார். பிறகு அது தான் பெற்றது என்று தெரிந்து, காலடியில் பூமி பிளக்காதா என்று குனிந்து பார்த்தார். பிளக்கவில்லை.

நடுவர் சீட்டு எடுத்துத் தலைப்பை வாசித்தார். "பள்ளியில் சீருடை தேவையா?" இன்னொரு சீட்டு எடுத்தார். வாயாடி 'தேவை' என்று பேச வேண்டும்.

மண்டபத்தில் ஒரு பக்கம் கிளம்பிய சிரிப்பு மறுபக்கம் போய்ச் சேரும்வரை வாயாடி காத்திருந்தாள்.

"நடுவர் அவர்களே! சீருடை எதுக்கு, அவங்கவங்க கிடைச்சதைப் போட்டுக்கிட்டு வரட்டுமேன்னு எதிரணி நண்பர் சொல்லப்போறார். நான் இன்னைக்குக் கிடைச்சதைத்தான் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். என் பேச்சை இங்க ஒருத்தராவது கேக்கறீங்களா? எல்லாரும் என் தொப்பியைப் பாக்குறீங்க. என் கட்சி ஜெயிச்சாச்சு. இருந்தாலும் இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, அதையும் பேசிடறேன்."

பேசினாள். எதிரணிப் பிள்ளை பாவம், எழுந்து நின்று அவளைப் பார்த்தான், தன் குறிப்புத்தாளைப் பார்த்தான், சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். முதல் பரிசு வாயாடிக்கு.

வீட்டுக்குப் போகிற வழியில் காரில், பாதி தூரத்தில் அப்பாதான் 'களுக்'கென்று சிரித்தார். அக்கா முறைத்தார். முறைத்தபடியே அவருக்கும் சிரிப்பு வந்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, சிரித்த வேகத்தில் கொஞ்சம் அழுதும்விட்டார்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். முதல் பருவ மதிப்பெண்ணில் கணக்கும் இயற்பியலும் படுத்துவிட்டிருந்தன. அக்கா அட்டவணையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். ஆலோசகர் அதை மேசையில் விரித்தார். அது மேசையைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, கதவுக்கு வெளியே வராந்தாவரை போயிற்று.

"அம்மா, ஆறு இடத்துல தலையைக் காட்டுறதைவிட, ரெண்டு இடத்துல ஊறினா போதும்" என்றார் ஆலோசகர், தலைமேலிருந்த கண்ணாடியைத் தேடியபடியே. "பாடமும் அப்படித்தான். கஷ்டமான பாடம் எடுக்கட்டும், ஆனா தாங்குற அளவுக்கு. இயற்பியலை அடுத்த வருஷம் எடுத்தா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"எதை விடச் சொல்றீங்க மேடம்? ஒவ்வொண்ணும் கணக்குப் பார்த்துப் போட்டது."

வாயாடி குறுக்கே வந்தாள். "அம்மா, ஆளே ஏறாத ரூட்டை நீ என்ன பண்ணுவ?"

"நிறுத்திடுவேன்."

"வயலின்ல ஆளே ஏறலம்மா."

 இத்தனை மாதத்தில், இந்த வண்டியில் போகிறவளிடம் எங்கே போக வேண்டும் என்று தான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆலோசகரிடம் கத்தரிக்கோல் வாங்கி, தாளை மேசைமேலேயே நறுக்க ஆரம்பித்தார். வயலின் போயிற்று. ரோபோ போயிற்று. மரம் நடுதலை வெட்டும்போது மட்டும் கத்தரிக்கோலை ஒருமுறை கீழே வைத்துவிட்டு எடுத்தார். அதற்குத்தான் எத்தனை அழகான ஊதா நிறம் கிடைத்திருந்தது! நீச்சலைப் பத்தாம் வகுப்பு வரைக்குமாவது விடக்கூடாது என்று அக்கா அடம்பிடிக்க, அரை மணி பேரம் பேசி, வாரத்துக்கு ஒரு நாள் என்று முடித்தார்கள். முதியோர் இல்லத்தைத் தொடக்கூடாது என்று வாயாடியே சொல்லிவிட்டாள். அந்தப் பந்து விழுந்ததா இல்லையா என்று அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

பிறகு நடந்தது எந்த அட்டவணையிலும் இல்லாதது. முதியோர் இல்லத்தில் வாயாடி வாரா வாரம் வாதப் போட்டி நடத்த ஆரம்பித்தாள். லிப்டில் ஏறுகிறவருக்கு முதலிடமா, இறங்குகிறவருக்கா என்ற தலைப்பில் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோய், அதைச் சரிசெய்ய இன்னொரு போட்டி நடத்த வேண்டியதாயிற்று. மூன்று வருடம் இது நடந்தது. கல்லூரி மனுவோடு வைப்பதற்கு இல்லத்து மேலாளர் ஒரு கடிதம் கொடுத்தார். முதல் பக்கம் பாராட்டு, இரண்டாம் பக்கம் புகார். இரண்டையும் சேர்த்தே அனுப்பினார்கள்.

ஏழு கல்லூரிகளுக்கு மனுப் போனது. நாலு பேர் இல்லையென்றார்கள். இரண்டு பேர் காத்திருக்கச் சொன்னார்கள். இல்லையென்றவர்களில், நூற்றுக்கு ஏழு பேரை எடுக்கும் பெரிய கல்லூரியும் ஒன்று. "அந்த ஏழு பேர் யாருன்னு நான் பாக்கணும்" என்று அக்கா இரண்டு நாள் புலம்பினார். ஏழாவது கல்லூரியின் பதிலை வாயாடி பணிமனைக்குப் போன் செய்து சொன்னாள். இடம் கிடைத்துவிட்டது, வாதப் பயிற்சி மன்றத்துக்குப் பேர் போன கல்லூரி.

அக்கா வாயில் விசில். விசிலோடு சிரித்ததில் அது கீச்கீச்சென்று கத்தியது. கிளம்புவதா நிற்பதா என்று புரியாமல் பதினாலாம் நம்பர் ஓட்டுநர் இறங்கி வந்தார், நடத்துநர் வந்தார், பயணிகள் நாலு பேரும் விஷயம் தெரிந்துகொள்ள இறங்கினார்கள். அந்த வண்டி நாலு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

மறுநாள் பணிமனை மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். அக்கா எழுதினார்: 'மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததால் நாலு நிமிடம் தாமதம்.' மேலாளர் படித்துவிட்டு அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'ஏற்கப்பட்டது. இனிமேல் இரண்டு நிமிடத்துக்குள் சந்தோஷப்படவும்.'