பொன்னாடைச் சம்பந்தம்

அந்தப் பொன்னாடை இன்னும் எங்கள் அலுமாரியில் கிடக்கிறது. சரிகை கறுத்துவிட்டது. மோர்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்திய தலைவர் அதை என் கணவரின் தோளில் போர்த்தியபோது மண்டபமே கைதட்டியது. அதுவரை இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. பக்கத்திலேயே கோலியர்ஸ் வுட்டில் தனிப் பள்ளி தொடங்கி, தலைவரின் மாணவரில் பாதிப் பேரை இழுத்தவர் என் கணவர்.

மேடை கிடைத்தால் தலைவருக்கு அக்பர்தான். "ராஜபுத்திரரை அவர் வாளால மட்டும் வெல்லேல்லை. வரியை நிப்பாட்டினார், பதவி குடுத்தார், பொம்பிளை எடுத்தார். எதிரி சம்பந்தியானால் பிறகென்ன சண்டை?" சித்தூர்க் கோட்டையில் பணிய மறுத்தவர்களை அதே அக்பர் கொன்று குவித்ததை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வென்றவனுக்குச் சகிப்புத்தன்மை மலிவான சரக்கு.

"உங்கட பாட்டு, உங்கட பரிசளிப்பு, ஒண்டிலயும் கை வைக்கமாட்டன்" என்று சொல்லித்தான் எங்கள் பள்ளியைத் தன்னுடையதோடு சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு விழாவில் பாட்டு மட்டுமே மிஞ்சியிருந்தது. உபதலைவர் பதவி பெற்ற எங்கள் வீட்டு ராஜபுத்திரர் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு ஞாயிறு, தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகள் அப்போதுதான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கியிருந்தாள். "தங்கச்சி, உங்கட பிள்ளையை என்ர மகனுக்குத் தாங்கோ. ரெண்டு பள்ளியும் ஒரே குடும்பமாகிடும்," என்றார், நான் சுட்ட வடையைக் கடித்தபடி. என் பக்கம் திரும்பாமலே என் கணவர், "ஓம் அண்ணை" என்றார். பெற்ற பிள்ளையைக் கொடுக்க அந்த மனிதருக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

படியில் உட்கார்ந்திருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இறங்கி வந்து, "அங்கிள், அக்பர் கட்டின அந்த இளவரசிக்கு என்ன பேர்?" என்றாள்.

தலைவர் சிரித்தார். பிறகு யோசித்தார். "சரியாத் தெரியாது பிள்ளை. ஆளுக்கொரு பேர் சொல்லினம்."

"அப்ப எனக்கு வேண்டாம் அங்கிள்."

"எனக்கும் வேண்டாம்," என்றேன் நான். அடுத்த கூட்டத்திலேயே உபதலைவர் பதவி போய்விட்டது. கதிரை அடுக்க வேறு ஆள் வந்தார்.

போன மாதம், தெரிந்த பிள்ளை ஒன்றின் நடனம் பார்க்க அதே மண்டபத்துக்குப் போயிருந்தேன். நகரின் மறுகோடியில், எட்மண்டனில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர் ஒருவர் மேடையில் குனிந்து நின்றார். தலைவர் பொன்னாடை போர்த்தினார். அதே சரிகை, அதே அக்பர். குனிந்தவரின் மனைவி எனக்குப் பக்கத்தில் பூரித்துப்போய் இருந்தாள். அவள் தோளில் சாய்ந்து ஒரு பெண்பிள்ளை போன் பார்த்துக்கொண்டிருந்தது.

கைதட்டல் அடங்குமுன் நான் அந்தத் தாயின் கையைப் பிடித்தேன்.

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.